கிராண்டில் இன்னும் ‘கெத்தா’ என்றுதான் இருந்தது

"மன்றம் தடையை எடுத்துடுச்சு, இனி வீடுதான்" என்று எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. மாவட்ட மன்றத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த மலாய்த் தாளை யாரோ கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். பாதி எழுத்து, பாதி டியூப் லைட் வெளிச்சம். அதை யாரும் முழுசாகப் படிக்கவில்லை என்று நிச்சயமாகச் சொல்வேன். ஆனால் அதற்குள் அறுபது பேர் கைகூப்பிவிட்டார்கள், மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைக்க எந்த வெள்ளிக்கிழமை தோது என்ற பேச்சும் ஆரம்பித்துவிட்டது.

விஷயம் இதுதான்: மலேசியாவில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் முன்னாள் தொழிலாளர்கள் வீடு கட்டிக்கொள்ள ஆறு ஏக்கர் தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது, ஆனால் அது விவசாய நிலம், அதில் வீடு கட்டத் தடை. நான் இந்த டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. இருபது வருஷமாக வீடு, நிலம் கைமாறும் பத்திர வேலைதான். பிறந்து வளர்ந்தது அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்றாவது வரிசை, கடைசி வீடு. அதனால் அன்று சாயங்காலமே தோட்டத்தில் மேற்பார்வை பார்த்த பழைய தண்டல் ஐயா மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமலே கேட்டார்: "தம்பி, சாவி எப்போ குடுப்பாங்கன்னு மட்டும் சொல்லு. சம்பந்தி வீட்ல சொல்லணும்."

"ஐயா, நிலத்துக் கிராண்டைப் பாத்தீங்களா?"

"அது கம்பெனிகிட்ட இருக்கு. அது நமக்கு எதுக்கு?"

கிராண்டு என்பது நிலத்தின் உரிமைப் பத்திரம். அது நமக்கு எதுக்கு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊர் பேர், கம்பெனி பேர், மன்றத்தின் பேர் எதுவும் வேண்டாம். எங்களுக்கு நடந்தது பெரிய அநியாயமும் இல்லை, பெரிய வெற்றியும் இல்லை. ஆனால் ஒன்றரை வருஷம் நாங்கள் தப்பான கவுண்டரில் வரிசை பிடித்து நின்றோம், அதைச் சொன்னால் அடுத்த தோட்டத்துக்காரர்களுக்காவது கால் வலி மிச்சம்.

மறுநாள் நில அலுவலகத்தில் காசு கட்டி அந்த நிலத்தின் பதிவைப் பார்க்க ஒரு தேடல் போட்டேன். யார் வேண்டுமானாலும் போடலாம், நில உரிமையாளரைக் கேட்கத் தேவையில்லை, இதுவே பல பேருக்குத் தெரியாது. வந்த தாளில் நில வகை ‘பெர்த்தானியான்’, அதாவது விவசாயம். அதற்குக் கீழே ‘சியாராட் ஞாத்தா’ என்கிற வெளிப்படை நிபந்தனை, ஒரே சொல்: கெத்தா. ரப்பர்! அந்த நிலத்தில் பால்மரத்தை நான் கடைசியாகப் பார்த்தது ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது. அதற்கப்புறம் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டு, அதையும் ஒரு தடவை வெட்டி மறுநடவு செய்தாகிவிட்டது. கிராண்டு மட்டும் இன்னும் காலையில் உளியும் வாளியுமாகப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய்க்கொண்டிருந்தது.

மன்றம் தடையை நீக்கிவிட்டது என்று நம்ம ஆட்கள் சொன்னார்களே, அப்படியானால் அது எதை நீக்கியது? அந்தத் தாளின் தெளிவான நகல் ஒன்றை வாங்கிப் படித்தேன். மன்றம் செய்தது உள்ளூர்த் திட்டத்தில், அதாவது எந்த நிலம் எதற்கு என்று காட்டும் திட்ட வரைபடத்தில், ஒரு திருத்தம். வரைபடத்தில் பச்சையாக, விவசாயம் என்று இருந்த ஆறு ஏக்கர் துண்டை வீடமைப்பு என்று மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். இதைச் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டத்துக்கு முரணான கட்டுமானத்துக்கு மன்றம் திட்ட அனுமதி கொடுக்கக் கூடாது, அதனால் வரைபடத்தில் நிறம் மாறாமல் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. ஆனால் நிறம் மாறியதாலேயே கிராண்டில் இருக்கிற ‘கெத்தா’ போய்விடாது. நிலம் என்பது அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி மாநிலத்தின் அதிகாரம். வகையை மாற்றுவதும் நிபந்தனையை எடுப்பதும் தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின் கீழ் மாநில அதிகாரத் தரப்பு செய்ய வேண்டிய வேலை. விண்ணப்பம் நில அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து இலாகா இலாகாவாகக் கருத்துக் கேட்டுச் சுற்றும், கடைசியில் மாநில ஆட்சிக்குழுவின் மேசைக்கு. மன்றத்தின் தலைவருக்கு மாலை போட்டவர்கள் அந்த மாலையை எடுத்துக்கொண்டு இன்னொரு கட்டடத்துக்குப் போயிருக்க வேண்டும்.

(மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுக்கிறோமா என்று ஒரு பையன் கேட்டான். இல்லை, தம்பி. ஊராட்சித் தேர்தலை 1965இல் நிறுத்தி வைத்தார்கள், இன்றைக்கும் உறுப்பினர்கள் மாநில அரசின் நியமனம்தான். அவனுக்கு வயது பத்தொன்பது, நம்பவே இல்லை, கூகுளில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.)

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளூர்த் திட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல மன்றம் அவகாசம் கொடுக்க வேண்டும், கொடுத்தது. நாளிதழில் விளம்பரம், பலகையில் அறிவிப்பு எல்லாம் வந்தன. எங்களில் ஒருத்தரும் ஒரு கடிதம் போடவில்லை. எதிர்ப்பு இருந்தால்தானே எழுத வேண்டும், நமக்கு நல்லதுதானே நடக்கிறது என்று நினைத்துவிட்டோம். நான் அந்த விளம்பரத்தை அலுவலகத்திலேயே பார்த்தேன், பார்த்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பினேன். ‘வீடமைப்பு’ என்று பொதுவாகப் போடாதீர்கள், ‘வாங்கும் சக்திக்கு உட்பட்ட வீடமைப்பு’ என்று போடுங்கள், கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இடத்தைக் குறித்துக் காட்டுங்கள் என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டிய நேரம் அது.

சரி, தோட்ட நிலத்துக்கு இப்படித் தடைகள் ஏன் இருக்கின்றன? எங்கள் பையன்கள் தடை என்றாலே கெட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அப்பா காலத்து ஆட்கள் சொல்லும்போது குரல் தானாக இறங்கும். ஒரு துரையிடம் வேலை பார்த்த லயம் ஒரே மாதத்தில் பத்து முதலாளிகளிடம் போய், வேலையும் இல்லை, வீடும் இல்லை என்று சட்டி பானையோடு நின்ற கதைகள் அவை. அதை எதிர்த்துத்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்து, அடுத்த வருஷமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார். எங்கள் தாத்தாவின் பங்குப் புத்தகம் இன்னும் அம்மாவின் டின் பெட்டியில், நாப்தலின் வாசனையோடு இருக்கிறது. அதே துண்டாடலைத் தடுக்கத்தான் பின்னாளில் நிலச் சட்டத்தில் 214A பிரிவு வந்தது: 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் என்றால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. ஆக, நம்மைக் காப்பாற்றப் போட்ட வேலிதான் இப்போது நமக்கு வீடு கட்டவும் குறுக்கே நிற்கிறது. வேலியை எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும், ஆனால் எடுக்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து மாடு உள்ளே வரும் என்று பார்த்து எடுக்க வேண்டும்.

மாடு வந்தது. நிறம் மாறி மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஒரு டெவலப்பரின் ஆள் வெள்ளை ஹைலக்ஸில் வந்து லயத்தைச் சுற்றிப் பார்த்தார். செம்பனை நிலமாக இருந்தவரை அந்த ஆறு ஏக்கரின் விலை செம்பனை விலை. வரைபடத்தில் வீடமைப்பு என்று ஆனதும், கிராண்டு இன்னும் ரப்பர் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, விலை ஏறிவிட்டது. அந்த ஏற்றத்தை உண்டாக்கியது கம்பெனி இல்லை, மன்றம். உண்டாக்கக் காரணமாகக் காட்டியது நம்ம லயத்து மக்களை. அனுபவிக்கப்போவது யார் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. முன்னாள் தொழிலாளர்களுக்கு நிலம் தருகிறோம் என்று கம்பெனி சொன்னது வாய்ப்பேச்சு, ஒரு கூட்டத்தில் கைதட்டலுக்கு நடுவே சொன்னது.

டெவலப்பர் சொன்ன திட்டம் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. முன்பக்கம், ரோட்டை ஒட்டிக் கடை வீடுகளும் மாடி வீடுகளும். பின்பக்கம், கால்வாய் ஓரமாக, நமக்கு அடுக்குமாடி. கூட்டத்தில் அதைக் கேட்டதும் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா எழுந்து, "டிங்கில்ல நடந்தது ஞாபகம் இல்லையா?" என்று ஒரே கேள்வி கேட்டார். மண்டபம் அமைதியாகிவிட்டது. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்த இடத்தில் இருந்த பெராங் பெசார், காலோவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டத்து மக்களை டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். சுவரில் விரிசல் விட்ட அந்த வீடுகளுக்குள்ளேயே இருபது வருஷத்துக்கு மேல், தரைவீடு தருவோம் என்ற வாக்குக்காக அவர்கள் காத்திருந்தார்கள். அந்த அக்காவின் நாத்தனார் குடும்பம் அங்கேதான் இருந்தது.

எங்களுக்குப் புத்தி வந்தது அன்றைக்குத்தான். அதுவரை ‘தடையை எடுங்கள்’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் ‘எந்த வரிசையில் எடுப்பீர்கள், எடுத்த இடத்தில் என்ன எழுதுவீர்கள்’ என்று கேட்க ஆரம்பித்தோம்.

மன்றத்திடம் கேட்டுப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். திட்ட அனுமதி நிலத்துக்குத்தான் கொடுக்கப்படுகிறது, ஆட்களுக்கு இல்லை. எத்தனை வீடு, ரோடு எத்தனை அடி, திறந்தவெளி பத்து விழுக்காடு இருக்கிறதா, மின்சார நிலையத்துக்கும் கழிவுநீருக்கும் இடம் விட்டிருக்கிறதா, இதெல்லாம் பார்ப்பார்கள். அந்த வீட்டுக்குள் முனியாண்டி பேரன் குடியிருக்கிறானா, கோலாலம்பூர்க்காரர் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறாரா என்பது திட்ட அதிகாரியின் வேலை இல்லை. அதைக் கட்டுப்படுத்துவது கிராண்டில் வருகிற இன்னொரு வரி: ‘செக்காத்தான் கெபெந்திங்கான்’, உரிமைக் கட்டுப்பாடு. மாநில அதிகாரத் தரப்பின் ஒப்புதல் இல்லாமல் இந்த நிலத்தைக் கைமாற்றக் கூடாது என்று அதில் எழுதிவிட்டால், யார் வாங்க வந்தாலும் அந்த வரி கண்ணில் படும். எங்கள் அலுவலகத்தில் ஒரு பைலைத் திறந்தவுடன் நான் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

அப்புறம், பிரித்தெடுப்பது. தாய்க் கிராண்டு சில நூறு ஏக்கர். அதற்குள்ளே ஆறு ஏக்கர் வெறும் பேச்சாக இருக்கும்வரை, கம்பெனி மொத்தத்தையும் விற்றால் நம்ம ஆறு ஏக்கரும் சேர்ந்து போகும். நிலச் சட்டத்தின் 124A பிரிவில் வகை மாற்றத்தையும் உட்பிரிவையும் ஒரே விண்ணப்பமாகப் போட வழி இருக்கிறது. அப்படிப் போடுங்கள், ஆறு ஏக்கருக்குத் தனிக் கிராண்டு வரட்டும், அது வரும்போதே ‘வாங்கும் சக்திக்கு உட்பட்ட வீடு’ என்ற நிபந்தனையோடு வரட்டும் என்று எழுதிக் கேட்டோம். கம்பெனி இழுத்தது. மூன்று கடிதம், இரண்டு சந்திப்பு, அதில் ஒன்றில் மேனேஜர் வரவே இல்லை, அலுவலகத்து வாசலில் மைலோ குடித்துவிட்டுத் திரும்பினோம். சட்டமன்ற உறுப்பினர் தலையிட்ட பிறகுதான் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் ஒரு உறுதிக் கடிதம் கைக்கு வந்தது. அரசியல்வாதிகளைத் திட்டுவதில் எனக்கும் பங்கு உண்டு, ஆனால் அந்தக் கடிதம் அவர் இல்லாமல் வந்திருக்காது.

ஆட்சிக்குழு ஒப்புக்கொண்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், வந்தது போராங் 7ஜி என்ற படிவம். நில வகை மாறுவதற்கு மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய கூடுதல் பிரிமியம் இவ்வளவு, இந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் ஒப்புதல் காலாவதி. எத்தனையோ நல்ல திட்டங்கள் இந்த ஒரு தாளில் செத்துப்போகின்றன. நிலத்தையே தருகிறோம், பிரிமியத்தையும் நாங்கள் கட்டுவதா என்றது கம்பெனி. அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. நம்ம ஆட்களுக்கோ அந்தத் தொகையை வாயால் சொல்லவே பயம். மலிவு விலை வீட்டுக்கு மாநிலம் பிரிமியத்தைக் குறைக்கவோ பெயரளவுக்கு வாங்கவோ முடியும், ஆனால் கேட்டால்தான். கேட்டோம், குறைத்தார்கள், கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கம்பெனி கட்டியது. அந்த ரசீதின் நகலைத் தண்டல் ஐயா லேமினேட் செய்து சாமி மாடத்தில் வைத்திருக்கிறார்.

இதில் இன்னொரு முடிச்சு, பேச எல்லாருக்கும் கூச்சமாக இருந்த ஒன்று. வீடமைப்புத் திட்டம் என்றால் ஒரு பகுதி பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) ஒதுக்கீடு, விழுக்காடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர்களுக்கு என்று கட்டும் திட்டத்தில் பட்டியலில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். அந்த ஒதுக்கீட்டுக்கு விலக்கு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்காவிட்டால் கடைசியில் வீடு இருக்கும், ஆனால் பட்டியலில் இருப்பவருக்கு விற்க முடியாது. இதை யாரோடும் சண்டையாக்கவில்லை. லயத்தில் இரண்டு மலாய்க் குடும்பங்களும் இருக்கின்றன, அவர்கள் பெயரும் பட்டியலில் இருக்கிறது. ‘இந்தத் தோட்டத்தில் குடியிருந்தவர்’ என்பதுதான் எங்கள் அளவுகோல் என்று எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

கட்டுப்பாட்டு வரியின் வாசகத்தில்தான் நான் அதிகமாக மல்லுக்கட்டினேன். வழக்கமாக வரும் வாசகம் கைமாற்றம், குத்தகை, அடமானம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிப்போடும். அப்படி வந்தால் வங்கிக் கடனுக்கு அடமானம் பதியவே ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக மாநில ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்குள் வங்கியின் கடிதம் காலாவதியாகும். அதனால் கைமாற்றத்துக்கு மட்டும் ஒப்புதல் வேண்டும், நிதி நிறுவனத்துக்கு அடமானம் வைப்பதற்கு வேண்டாம் என்று கேட்டோம். ஒரே ஒரு சொல்லை எடுக்கச் சொன்னோம், நான்கு மாதம் பிடித்தது. வேண்டாம் விடு என்று பாதி கமிட்டி சொன்னது. விட்டிருந்தால் இன்னும் அழுதுகொண்டிருப்போம்.

விலை விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் எனக்குக் கோபம் வரும். 2019இல் வந்த தேசிய வாங்கும் சக்தி வீடமைப்புக் கொள்கை, 300,000 வெள்ளி (ரிங்கிட்) வரை உள்ள வீட்டை அந்தக் கணக்கில் சேர்க்கிறது. அந்தத் தொகையை 4 விழுக்காட்டில் 35 வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 1,300 வெள்ளிக்கு மேல். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. மிச்சத்தில் என்ன சாப்பிடுவது, கறிவேப்பிலையா? யாருடைய வாங்கும் சக்தி என்று கேட்காமல் அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளவே கூடாது. இதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கை வையுங்கள்: தோட்டத் தொழிலாளர்களுக்காக 2011 பட்ஜெட்டில் அறிவித்த பி.எஸ்.என். (தேசிய சேமிப்பு வங்கி) கடன் திட்டம், 60,000 வெள்ளி வரை, 4 விழுக்காடு, 40 வருஷம், இரண்டாம் தலைமுறை வரை தொடரலாம். அதற்குத் தவணை மாதம் 250 வெள்ளி சொச்சம். இதுதான் தோட்டத்து ஆளின் சம்பளம் தெரிந்து போட்ட கணக்கு. எங்கள் திட்டத்தின் விலை இந்த இரண்டுக்கும் நடுவில், கீழ்ப்பக்கமாக நிற்கிறது. நிலத்துக்கு விலை போடாததால்தான் அது முடிந்தது.

அப்படியும் எல்லாருக்கும் எட்டவில்லை. அறுபது தாண்டியவருக்கு வங்கி கடன் தராது, சம்பளச் சீட்டு இல்லாதவருக்கும் தராது, மகன் பேரில் வாங்கலாம் என்றால் மகன் ஏற்கெனவே காருக்குக் கட்டிக்கொண்டிருக்கிறான். மூன்றாவது வரிசையில் ஒரு பாட்டி முப்பத்தைந்து வருஷம் பால் வெட்டியவர், பிள்ளை இல்லை. அவரைப் போன்றவர்களுக்கு வாடகை முறையில் இரண்டு வீடு ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம், பதில் வரவில்லை. இந்த இடத்தில் தடை நீக்கம், கன்வெர்ஷன் என்கிற வகை மாற்றம், கிராண்டு எதுவும் உதவவில்லை. தோட்ட வீடு எப்போதுமே வேலையோடு கட்டிய வீடு. தொழிலாளர்க்குத் தரமான வீடு தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் முதலாளியைக் கேட்கிறது, சொந்தமாகக் கொடு என்று கேட்கவில்லை. வேலை முடிந்தவர் சட்டத்தின் கண்ணில் யாரும் இல்லை, அந்தப் பாட்டி யாரும் இல்லை.

புதுக் கிராண்டு போன மாதம் வந்தது. வகை ‘பாங்குனான்’, கட்டடம். நிபந்தனையில் கெத்தா இல்லை. கோயிலுக்கு வழிபாட்டு நிலம் என்று தனித் துண்டு, பள்ளிக்குப் பக்கத்தில் திறந்தவெளி. மண் தள்ளும் வண்டி வந்து முதல் வரிசைக்குப் பின்னால் இருந்த செம்பனைகளைச் சாய்த்துவிட்டது, பொங்கலும் ஒருவழியாக வைத்தாகிவிட்டது.

பெயர்ப் பட்டியலைக் கோயில் மண்டபத்துத் தூணில் ஒட்டியிருக்கிறோம். மூன்று பெயர்களில் தகராறு: இரண்டு பேர் கல்யாணமாகி வெளியே போனவர்கள், ஒருவர் பங்காளிச் சண்டை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் உட்காருகிறோம். பிறப்புப் பத்திரம், அப்பா அம்மாவின் தோட்டத்து வேலை அட்டை, பழைய ஈபிஎஃப் (சேமநிதி) தாள் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். நகல் எடுக்க வேண்டுமானால் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் என் அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள், காசு வேண்டாம், மிஷினில் மை இருக்கும்வரை.